பாதி மலையில் திரும்பிய காலை

என் மனைவி ஐம்பத்திரண்டாவது வயதில் பனிச்சரிவு அபாயத்தைக் கணிக்கப் பழக்கும் வகுப்பில் சேர்ந்தாள். ரொறன்ரோவில் மலையே இல்லையே என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். வசந்தத்தில் மேற்கே போய் ராக்கி மலையில், பனியில் புதையாமல் நடக்க உதவும் ஸ்நோஷூ போட்டு நடக்கப்போகிறோம், அதற்கு முன் படிக்க வேண்டியதைப் படிக்க வேண்டும் என்றாள். பெப்ரவரி முழுவதும் ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுப் பின்வளவில் பனியைக் குழியாக வெட்டிப் பழகினாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எதைப் புதைக்கிறீர்கள் என்று கேட்டார்.

ஏப்ரல் கடைசியில் போனோம். நான் படங்களில் பார்த்து ஆசைப்பட்டிருந்த கணவாய்க்கு நான்கு மணித்தியால நடை. விடியும்போதே ஏறத் தொடங்கினோம். முகில் மூடியிருந்தது, குளிர் இல்லை. நல்ல காலநிலை என்று நான் சந்தோஷப்பட்டேன். அவள் அடிக்கடி நின்று, ஒரு ஸ்நோஷூவைக் கழற்றிவிட்டுக் காலைப் பனியில் ஊன்றிப் பார்த்தாள். முழங்கால்வரை புதைந்தது. இரவில் பனி உறைந்து இறுகினால்தான் காலையில் சரிவுகளைக் கடக்கலாம், முகில் மூடிய இரவில் அது இறுகாது என்றாள். நான் அரைக் காதில் கேட்டேன்.

கடைசிச் சரிவுக்கு முன் ஒரு சிறிய மேட்டில் பையை இறக்கி, இடுப்பளவு ஆழத்துக்குப் பனியை வெட்டினாள். மேலே ஈரப் பனி. அதற்குக் கீழே கண்ணாடி போல மெல்லிய ஐஸ் படை, அதன்மேல் தண்ணீர் மினுங்கியது. பனியில் ஒரு தூணை அறுத்து, எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, பனி வாரும் சவலை அதன் தலையில் வைத்து, மணிக்கட்டை மடக்கிப் பத்துத் தட்டுத் தட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. முழங்கையிலிருந்து கையை ஓங்கித் தட்டியதில் மூன்றாவது தட்டுக்கு மேற்பாதி அப்படியே வழுக்கி என் சப்பாத்தில் விழுந்தது.

"திரும்புவம்" என்றாள்.

சரிவின் குறுக்கே யாரோ போன தடத்தைக் காட்டினேன்.

"அவை போனது நேற்று. நேற்றுக் காலமை இறுகியிருந்தது. இண்டைக்கு இறுகேல்லை."

"நீர் சும்மா பயப்பிடுறீர். இன்னும் அரை மணித்தியாலம்தானே."

"ஓம், பயம்தான். நான் வரேல்லை. உங்களையும் விடமாட்டன்."

இறங்கும்போது நான் அவளுக்கு முன்னே வேகமாக நடந்தேன். கார் நிறுத்தத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மத்தியானம் இரண்டு மணிவரை அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பனி சரிந்து விழவில்லை. அவள் தேநீர் ஊற்றித் தந்தாள். விழாவிட்டாலும் தான் திரும்பியது சரிதான் என்றாள். நான் தேநீரைக் குடித்துவிட்டுக் காரை எடுத்தேன்.

விமானத்தில் திரும்பும்போதுதான் மனம் இளகியது. அவள் என் தோளில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். சவல் பிடித்த உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள். பனி சரிந்து விழுந்திருந்தால் அவளைக் கொண்டாடுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எந்த அத்தாட்சியும் இல்லாமல், என் முகம் கோணும் என்று தெரிந்தும், அவள் திரும்பினாள். இரண்டு நாள் என் உம்மணாமூஞ்சியையும் பொறுத்துக்கொண்டாள்.

அவள் கண் விழித்ததும் நன்றி சொன்னேன். கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடம், எங்கள் வீட்டில் புழங்காத சொல் அது.

"எதுக்கு?" என்றாள்.

"திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்ததுக்கு."

 அவள் யன்னல் மூடியை இழுத்துவிட்டு மறுபடியும் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.