தம்பி சொன்ன அலபாமா

அலபாமாவில் ஒரு பூச்சிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பருத்தியை அடியோடு தின்று தீர்த்த வண்டு அது. பருத்தி போனதால் அந்த ஊர்க்காரர் கச்சான் கடலை பயிரிட்டு, முன்னையைவிட நன்றாகக் காசு உழைத்திருக்கிறார்கள். நன்றிக்கடனாக நடுச்சந்தியில் ஒரு பெண்ணின் சிலையை நிறுத்தி, அவள் கையில் அந்த வண்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். வண்டைச் சிலர் களவும் எடுத்திருக்கிறார்களாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் என் தம்பி. அவன் அங்கே கப்பல் கட்டுகிற இடத்தில் எஞ்சினியர்.

சொன்னதற்குக் காரணம் இருந்தது. மச்சாளுக்கு, அதாவது அவனுடைய மனைவிக்கு, அப்போது ஐந்தாம் மாதம். அவளுக்குத் தாய் இல்லை. பிள்ளைப்பேறுக்கு நான் போய் ஆறு மாதம் நிற்கவேண்டும் என்பது அவனுடைய ஆசை. எங்கள் கடற்கரை ஊரான உப்புவெளியை விட்டு அசைய மாட்டேன் என்பது என்னுடைய பதில். வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடும் இரண்டு அறைகள், பதினொரு கோழிகள், ஒரு முழங்கால் என்று காரணங்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் கதிரையில் இருக்க முன்னமே போன் அடிக்கும். கெஞ்சினால் ஏச்சு விழும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே கெஞ்சாமல், அந்த மாநிலத்தைப் பற்றிக் கிழமைக்கு ஒரு புதினச் செய்தி சொல்லுவான்.

பூச்சிக்குச் சிலை வைக்கிற ஊரில் மனிதர் எப்படி இருப்பார்கள் என்று கேட்டேன். மனிதரும் நல்லவர்கள்தான் என்றான். அடுத்த கிழமை ஒரு கடையைப் பற்றிச் சொன்னான். விமானங்களில் உரியவர் தேடி வராத பெட்டிகளை வாங்கித் திறந்து, உள்ளே இருப்பதை விற்கிற பெரிய கடை. அதைப் பார்க்கவே தூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். இதைக் கேட்டு நான் மயங்குவேன் என்று எந்த நம்பிக்கையில் சொன்னானோ தெரியாது. மச்சாளுக்கு நான் இடித்துக் கொண்டுபோகும் சரக்குத்தூளும் கருவாடும் ஒரு மேசையில் விலைச்சீட்டோடு கிடப்பது என் கண்ணுக்கு வடிவாகத் தெரிந்தது.

பிறகு ஒரு கொண்டாட்டம். தவக்காலம் தொடங்க முன்னம் தெருவெல்லாம் ஊர்வலம் போகுமாம். அமெரிக்காவில் இதை முதலில் தொடங்கியது தாங்கள்தான் என்று இன்னொரு மாநிலத்தோடு அவர்களுக்கு ஓயாத சண்டையாம். ஊர்வலத்தில் போகிறவர்கள் தெருவில் நிற்கிறவர்களுக்குப் பலகாரம் எறிவார்களாம். எறிந்து தருவதை வாங்கித் தின்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை என்று சொல்லி அன்றைய கதையை முடித்தேன்.

மழையில் வாகனக் கண்ணாடியைத் துடைக்கிற தடியைக் கண்டுபிடித்தது அந்த மாநிலத்தில் பிறந்த பெண் ஒருத்தி என்றபோது மட்டும் நான் குறை சொல்லவில்லை. மாரி மழையில் நிலாவெளி பஸ் சாரதி தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்தவள் நான். கெட்டிக்காரி என்று சொன்னேன். அதை அவன் அரைச் சம்மதமாக எடுத்துக்கொண்டுவிட்டான்.

அந்தத் துணிவில்தான் அடுத்த ஞாயிறு துரும்புச் சீட்டை இறக்கினான். எனக்கு நண்டென்றால் உயிர் என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய வீட்டுக்குக் கிட்டவுள்ள குடாவில், கோடை காலத்தில் சில நாட்களில், விடியப்புறம் நண்டும் இறாலும் தட்டைமீனும் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வந்துவிடுமாம். அடித்தண்ணீரில் காற்றுக் குறைந்துபோவதுதான் காரணமாம். ஓடாமல் ஒளியாமல் மயங்கிக் கிடக்குமாம். கண்டவர் மற்றவருக்குப் போன் எடுக்க, ஊரே வாளியோடு இறங்குமாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் யூபிலி. எங்கள் பங்கில் கோயில் சுவாமி குருவாகி இருபத்தைந்து வருடம் நிறைந்தால்தான் யூபிலி.

"போன கிழமை பக்கத்து வீட்டு மனிசி எழுப்பினவ, அக்கா. நாங்கள் ரெண்டு பேரும் வாளியோட இறங்கினனாங்கள். மீன் தானா வந்து கிடக்குது, நம்ப மாட்டீங்கள்."

"பிள்ளைத்தாச்சியை ஏன்ரா தண்ணிக்குள்ள இறக்கினனீ?" என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தேன். எனக்கு அவன்மேல் அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னம் வந்ததில்லை.

2004இல் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, மறுநாள். நத்தார் என்று யாரும் கடலுக்குப் போகாததால் ஊரில் கறிக்கு மீன் இல்லை. கடல் ஒருமுறை கொஞ்சம் ஏறி வந்து, பிறகு யாரும் கண்டிராத தூரத்துக்கு உள்ளே போனது. வெறும் மணலில் மீன் துள்ளுகிறது என்று தெருவில் சத்தம் கேட்டது. எங்கள் அப்பா நாற்பது வருடம் மீனுக்குப் பின்னால் அலைந்த மனிதர். வாளி எங்கே என்று கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். பாரை கிடந்தால் பார்த்து எடுங்கோ என்றும் சொன்னேன். பிறகு குழம்புக்குத் தேங்காய் திருவ இருந்தேன். பாதி திருவ முன்னம் தண்ணீர் குசினிக்குள் வந்தது. என்னைப் பக்கத்து வீட்டுக்காரர் மதிலில் ஏற்றிவிட்டார். அப்பாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள்.

தம்பி அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தான். செத்தவீட்டுக்கு வந்தவனிடம், அப்பா தோணியை இழுத்து மேலே வைக்கப் போனவர் என்று சொன்னேன். ஒரு வாளி மீனுக்காகப் போனார், வாளியைக் கொடுத்தது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தோணிக் கதையை அவன் அமெரிக்கா வரைக்கும் கொண்டுபோய்விட்டான். தன்னுடைய கலியாணத்திலும் எழும்பி நின்று சொன்னான். சபை கண்கலங்கியது. நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

இரண்டு ஞாயிறு நான் போனை எடுக்கவில்லை. கர்ப்பிணியைத் தண்ணீரில் இறக்கியதற்குத்தான் கோபம் என்று நினைத்து, டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னதாகக் குரல்பதிவு அனுப்பினான். அதற்கும் பதில் வராமல் போக, சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுபோன ராக்கெட்டை உருவாக்கியது அலபாமாவில்தான் என்று இன்னொன்று அனுப்பினான். பாவம், அவனுக்கு வேறு என்ன தெரியும்.

மூன்றாம் ஞாயிறு எடுத்தேன். அவன் புதினத்தைத் தொடங்க முன்னம் நான் தொடங்கினேன்.

"தம்பி, அப்பா தோணி இழுக்கப் போகேல்லை. மீன் பொறுக்கப் போனவர். வாளியை நான்தான் குடுத்தனான். கரையில நிண்டு கூப்பிட ஒருத்தரும் இல்லை. நான் குசினிக்குள்ள இருந்திட்டன்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறவில்லை.

"சந்தோசமாவோ போனவர்?" என்று கேட்டான்.

"ஓம். சின்னப்பிள்ளை மாதிரி ஓடினவர்."

"தோணியெண்டா அப்பிடி ஓடியிருக்க மாட்டார்" என்றான். அவன் என்னை ஏசுவான் என்று இத்தனை வருடம் பயந்திருந்தேன். அவன் ஏசவில்லை. அன்றைக்கு அலபாமாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாங்கோ என்றும் கேட்கவில்லை. விசாவுக்கு என்ன செய்யவேண்டும் என்று நான்தான் கேட்டேன்.

திங்கட்கிழமை டவுனுக்குப் போய், கணினியில் படிவம் நிரப்பிக் கொடுக்கிற கடையில் இருந்தேன். அங்கே வேலை செய்யும் பிள்ளை ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்துக்கொண்டு வந்தது. பிறந்த திகதி, தகப்பன் பெயர், தகப்பன் உயிரோடு இருக்கிறாரா. அதெல்லாம் சொன்னேன். அங்கே என்ன காரியமாகப் போகிறீர்கள் என்று கேட்டது.

"அவை வாளியோட தண்ணிக்குள்ள இறங்கேக்க, கரையில நிண்டு கடலைப் பாக்க ஒராள் வேணும், பிள்ளை" என்றேன்.

அந்தப் பிள்ளை, உறவினரைச் சந்தித்தல் என்று அடித்தது.