சிவப்பில் நின்ற முள்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் இன்றைக்கும் அதே ஓடுதளத்தில்தான் வேலை பார்க்கிறாள்.

அவள் விமான மெக்கானிக். விமானம் ஓட்டக் கற்றுத் தரும் சின்னப் பள்ளி ஒன்றை அவளுடைய கொழுந்தன் நடத்திவந்தான். அவன் அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவளைவிட இருபது வயது மூத்த வாட்ச்மேன்கூட அண்ணி என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க ஒரு முள் அண்ணியின் உயிரை வாங்கியது. இரண்டு பேர் உட்காரும் விமானம். எஞ்சின் எண்ணெயின் சூட்டைக் காட்டும் டயல் பழுதாகி, கொழுந்தன் பழைய பாகங்கள் விற்பவரிடமிருந்து வேறொன்று வாங்கி வந்திருந்தான். மாட்டிய நாளிலிருந்தே, எஞ்சினை ஓடவிட்டால் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய் நின்றது.

முதலில் டயலைத்தான் சந்தேகப்பட்டாள். சென்சாரைக் கொதிக்கும் நீரில் முக்கி, தெர்மாமீட்டரோடு ஒத்துப் பார்த்தாள். துல்லியமாகக் காட்டியது. எண்ணெயை மாற்றினாள். எண்ணெயைக் குளிர வைக்கும் கூலரைக் கழற்றிக் கழுவினாள். அதற்குக் காற்று கொண்டுபோகும் குழாயைப் புதிதாகப் போட்டாள். ஒயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். இடுப்பு விட்டுப்போனது. முள் மட்டும் அசரவில்லை.

"முள்ளு பொய் சொல்லுது அண்ணி. நாளைக்கு நானே பிளேனை மேலே எடுத்துட்டுப் போறேன்."

"மேலே ஏதாவது ஆச்சுன்னா உங்க அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது? பேசாம வீட்டுக்குப் போ."

அவன் போய்விட்டான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று விமானத்தை வெளியே தள்ளி, ஏறி உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எஞ்சினை முடுக்கினாள்.

முள் ஏறியது. பச்சை... மஞ்சள்... சிவப்பு.

எஞ்சினை நிறுத்தினாள். இறங்கிப் போய்க் கூலரில் கை வைத்தாள். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர் அளவுக்குத்தான் வெதுவெதுப்பு.

மறுபடியும் ஏறி உட்கார்ந்தாள். வீட்டுக்கு நடக்கத் தெம்பில்லை. கழற்றி வைத்திருந்த ஹெட்செட்டை ஏன் மாட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டாள்.

கர்ர்ர்...

காதில் ஒரு ஆண் குரல். களைத்த குரல்.

"எண்ணெய் சூடு சிவப்புல நிக்குது. யாராவது இருக்கீங்களா?"

வானத்தில் எவனோ மாட்டிக்கொண்டிருக்கிறான். அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

"யாரு? எங்கே இருக்கீங்க?"

கர்ர்ர்...

"பனியா இருக்கு. கீழே ஒண்ணும் தெரியலை. வீடு வரைக்கும் ஓட்டவா... இறங்கட்டுமா?"

எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"இறங்கிடுங்க. எஞ்சின் போனா வேற வாங்கிக்கலாம். உசிரு வாங்க முடியுமா?"

கர்ர்ர்...

"சரிம்மா."

கண்ணைத் திறந்தாள். முள் இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக... மெதுவாக... அடி வரைக்கும்.

பிறகுதான் கவனித்தாள்.

மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. கூலரைத் தொட இறங்கும்போது அவளே அணைத்தது.

ரேடியோவுக்கு மின்சாரமே இல்லை.

மறுநாள் காலை முள் பச்சையில் நின்றது. ஓடுதளத்தைச் சுற்றி ஒரு வட்டம் பறந்துவிட்டு வந்த கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல்.

"என்ன பண்ணீங்க அண்ணி?"

"ஒண்ணும் பண்ணலை. அந்த டயலு எதுலேர்ந்து கழட்டினதுன்னு கேளு."

ஸ்பீக்கரில் போட்டு, பாகங்கள் விற்பவரைக் கூப்பிட்டான். டயலைப் பற்றிக் கேட்டான்.

"எங்க அண்ணன் ஓட்டின விமானத்துலேர்ந்து. வீட்டுல வெச்சிருக்க மனசு வரலைப்பா, அதான் கொடுத்துட்டேன். அவர் போயி ஒன்பது வருஷமாச்சு. சாயங்காலம், ஒரே பனி. எண்ணெய் சூடு ஏறுது, இறங்கட்டுமான்னு ரேடியோவுல கேட்டிருக்கார். ஏதோ ஒரு பொம்பளை, 'இறங்கிடுங்க, எஞ்சின் போனா வேற வாங்கிக்கலாம்'னு சொல்லியிருக்கு. கண்ட்ரோல் டவர் டேப்புல பதிவாகியிருக்கு. இவரும் சரிம்மான்னுட்டு இறங்கிட்டார். கீழே பூரா காடு."

கொழுந்தன் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினான்.

"எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்தாங்க. ஒரு குறையும் இல்லை. அப்படியே ஓட்டியிருந்தா வீட்டுக்கு வந்திருப்பார். அந்தப் பொம்பளை யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. ஆனா எத்தனை தடவை கேட்டிருப்பேன் அந்த டேப்பை... அந்தக் குரல் எங்கே பேசினாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

"எங்க அண்ணிதான் விசாரிக்கச் சொன்னாங்க. இங்கேதான் இருக்காங்க, பேசுங்க," என்று கொழுந்தன் போனை நீட்டினான்.

"ஹலோ... அம்மா? சொல்லுங்கம்மா."

அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.