நான் பிடுங்கிய வரிகள்

இன்று காலை குடும்பக் குழுவில் கரங்கானில் இருக்கும் அத்தை ஒரு படம் அனுப்பியிருந்தார். ரோஜாப்பூ, ஆவி பறக்கும் கோப்பை, மேலே ‘இனிய காலை வணக்கம்’, கீழே ஒரு வரி: ‘தோட்டம் விற்ற அன்று பால்மரங்களுக்கு மட்டும் யாரும் நோட்டீசு கொடுக்கவில்லை.’ எழுதியவர் பெயர் இல்லை. ரோஜாவுக்கும் இந்த ரப்பர் மரத்து வரிக்கும் என்ன உறவு என்று அத்தையைக் கேட்டுப் பயனில்லை. ஒரு நாவலின் நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து இதைப் பிடுங்கி வெளியே விட்டவளே நான்தான்.

பிடுங்குவது எனக்குப் பழைய வியாதி. பள்ளியில் நான்காம் படிவத்திலேயே மேற்கோள் நோட்டு வைத்திருந்தேன். வரி, நூல், பக்கம், தேதி என்று நான்கு கட்டம் போட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன, அதில் எழுபது நூல்கள் இருந்தன. நான் படித்தவை ஒன்பது. மற்றதெல்லாம் ஞாயிறு நாளிதழின் மதிப்புரைப் பக்கத்தில் சுட்டது. பக்க எண் கட்டத்தில் நாளிதழின் பக்க எண்ணைப் போட்டுச் சமாளித்தேன்.

அந்த மதிப்புரைகளை எழுதியவரை எல்லாரும் டிரெசர் என்பார்கள். புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் டிரெசராக மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு சனிக்கிழமை பீடோங்கில் ஒரு டியூசன் நிலையத்தின் மாடியில் புத்தகக் கூட்டம் நடக்கும். வெள்ளைப் பலகை மையின் வாசனையும் கறிப்பாப்புப் பலகாரத்தின் எண்ணெய் வாசனையும் கலந்த அறை அது. அந்தக் கலவை எங்கே அடித்தாலும் எனக்கு இன்றும் டிரெசரின் குரல் கேட்கும். அவர் எழுந்தால் எழுத்தாளர்கள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்வார்கள்.

குணா அண்ணனின் முதல் நாவலும் அங்கேதான் வந்தது. பீடோங்கில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர்.

“ஒம்பதாவது அத்தியாயத்துல கதை செத்துப்போச்சு தம்பி. மிச்ச நூறு பக்கமும் கருமாதி” என்றார் டிரெசர்.

எல்லாரும் சிரித்தார்கள். குணா அண்ணனின் காது மட்டும் சிவந்துவிட்டது.

“கசப்பு மாத்திரை குடுத்த கைதானே லா. வேற என்னா வரும்?” என்றார் அவர்.

“முழுங்குனவன் பொழைச்சானா இல்லியா?” டிரெசர் விடவில்லை.

இரண்டு மாதம் டிரெசரைக் கண்டால் குணா அண்ணன் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவார். பிறகு ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து முழுவதையும் திருப்பி எழுதினார். இரண்டாம் பதிப்பு வேறு புத்தகமாகவே வந்தது.

மதிப்புரைப் பக்கம் மெல்ல அரைப் பக்கமாகி, ஒரு பத்தியாகி, கடைசியில் அட்டைப்படமும் விலையுமாக நின்றது. டிரெசர் எழுதுவதை விட்டுவிட்டார். சந்தையில் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன்.

“முப்பது சொல்லுல முடிக்கணுமாம்மா. நல்லாருக்குன்னு சொல்ல ஒரு சொல்லு போதும். ஏன் நல்லால்லன்னு சொல்லத்தான் எடம் வேணும்.”

மறுவருடம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கூட்டம் நடந்த மாடியில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள்.

அதற்குள் பாலிடெக்னிக் முடித்து, கூலிம் தொழிற்சாலை ஒன்றில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்திருந்தேன். கருவி ஒரு மயிரிழை தப்பாகக் காட்டினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைத்துவிடுவேன். மேலாளர் கெஞ்சினாலும் எடுக்க மாட்டேன். என் மேற்கோள் நோட்டு கைப்பேசிக்கு மாறி, படம் போட்ட வரிகளாகத் தினமும் ஊரைச் சுற்றியது. டிரெசர் இருந்த இடத்தில் மக்கள் என்னை உட்காரவைத்தார்கள். நானும் கூச்சமில்லாமல் உட்கார்ந்தேன்.

குணா அண்ணன் இரண்டாவது நாவலைத் தாள்கட்டாகக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் கிரீஸ் விரல்ரேகை.

“முழுசா படிச்சுட்டு சொல்லு தங்கச்சி. டிரெசர் இல்ல. ஒன்னத்தான் நம்பியிருக்கேன்.”

முழுசாகத்தான் படித்தேன். தோட்ட வீட்டைக் காலி செய்த குடும்பம் டவுனுக்கு வந்து சேரும் இடத்தில் கதை ஒடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லாரும் மேடைப் பேச்சு பேசினார்கள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “நாலு வருசம் எழுதுனேன்” என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“அருமையான வரிகள் அண்ணே” என்றேன். அது பொய்யில்லை. ஐந்து வரிகளை எடுத்துப் படம் போட்டேன்; அத்தை அனுப்பிய பால்மர வரியும் அதில் ஒன்று. எல்லாரும் பகிர்ந்தார்கள். அதை நம்பி அவர் அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

பகிர்ந்தவர்கள் புத்தகத்தைத் திறக்கவில்லை. திறந்த சிலர் பாதியில் வைத்துவிட்டு, என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டார்கள். புத்தகப் பெட்டிகள் அவர் கடையில் டயர்களுக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கின்றன. ஒருநாள் என் மோட்டார் சைக்கிளின் சங்கிலியை மாட்டிக்கொண்டே கேட்டார்.

“நடுவுல படுத்துருச்சுல்ல? ஒனக்குத் தெரியும்தானே?”

“தெரியும் அண்ணே.”

“சொல்லியிருக்கலாம் லா.”

கோபமே இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

போன வாரம் அழைத்தார், புதுசு ஒன்று முடித்துவிட்டதாக. இந்த முறை எதையும் மறைப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு, படிப்பதற்கென்றே இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். கையில் நான்கு தாள் கொடுத்தார்.

“மிச்சம் எங்க அண்ணே? நாவல்தானே?”

“நாவலாவது ஒண்ணாவது. அம்பது வரி எழுதியிருக்கேன். முன்னால பின்னால ஒண்ணும் கெடையாது. ஒனக்கும் பிடுங்குற வேலை மிச்சம். படம் மட்டும் போட்டுரு லா.”

சிரித்தார். நான் அங்கேயே நின்று படித்தேன். ஐம்பதும் நல்ல வரிகள். யார் சொன்னது, எந்த வீட்டில், என்ன நடந்த பிறகு என்று தாளைத் திருப்பித் திருப்பித் தேடினேன். ஓர் ஆள்கூட இல்லை.