முளைத்த கதிர்க்கட்டு

ஞாயிறு பள்ளியில் அன்றைய பாடம், சோதனையிலும் கர்த்தரை நம்புவது. நான் வாசித்து முடிப்பதற்குள் என் வகுப்புப் பிள்ளை ஜெனிபா எழுந்துவிட்டாள். “நாங்க எவ்வளவோ ஜெபம் பண்ணினோம்க்கா. அறுக்குற நேரத்துல மழை பேஞ்சு வயல் மொத்தமும் சாஞ்சிடுச்சு. இனிமே நான் ஜெபத்துக்கு வரல.”

பொறுமையாயிருங்கள் என்பதைத் தவிரப் பாடப் புத்தகத்தில் பதிலே இல்லை. எனக்கே எரிச்சல் வந்தது. அவள் உடையிலிருந்து ஊறிய நெல்லின் புளித்த வாடை வீசியது. அது எனக்குப் பழகிய வாடை.

என் சிறுவயதில், பாபநாசம் பக்கம் அப்பா குத்தகைக்குப் பயிர் செய்த காலம். ஒரு தை மாதம் இப்படித்தான் மழை பிடித்துக்கொண்டது. சம்பாப் பயிர் தண்ணீரில் படுத்து, கதிரிலேயே முளைவிட்டது. சோற்றில்கூட அந்த வாடைதான். அறுப்பின் பண்டிகைக்கு எல்லோரும் முதல் விளைச்சலை ஆலயத்தில் படைப்பார்கள். அம்மா முளைத்த கதிர்களையே கட்டாகக் கட்டினார்.

“வெக்கமா இல்ல உனக்கு? ஊரே சிரிக்கும்” என்றார் அப்பா.

“நல்லா வெளஞ்சப்ப பெருமையா கொண்டுபோய்க் காட்டினீங்கல்ல? இதையும் ஆண்டவரு பாக்கட்டும்.”

பூசணிக்கும் வாழைத்தாருக்கும் நடுவே அந்தக் கறுத்த கதிர்க்கட்டை வைத்துவிட்டு அம்மா முழங்காலிட்டார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. “நன்றி சொல்ல வாய் வரல ஆண்டவரே. ஆனா உங்கள விட்டா நான் யார்கிட்ட போய்ச் சண்ட போடுவேன்?”

புத்தகத்தை மூடினேன். “ஜெனிபா, பண்டிகைக்கு உங்க வயல்லேருந்து ஒரு கட்டு கொண்டு வா.”

“எனக்கு அவரு மேல கோவம்க்கா. திட்டிடுவேன்.”

“திட்டு. ஆனா அவர்கிட்டயே வந்து திட்டு.”