முனியின் முன் போட்ட பூ

பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பூசாரி என்றால் சோலைமலைதான். பகலில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருநீற்றுத் தட்டு. சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு நேர்மையான மனுஷன் அந்த லயத்து வரிசை வீடுகளிலேயே கிடையாது. அந்த நேர்மைதான் குடியைக் கெடுத்தது.

லயத்துக்கு மேலே ஒரு துண்டுக் காடு. அதற்குள் முனியாண்டியின் கல். விறகுக்குப் போகிற பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கொத்து இலையை ஒடித்துக் காட்டோரத்தில் வைத்துவிட்டுத்தான் நுழைவார்கள். காய்ந்த சுள்ளி மட்டும்தான் எடுப்பார்கள். பச்சை மரத்தில் யாரும் கத்தி வைத்ததில்லை. லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் கொட்டியதும் அந்தக் காட்டின் புண்ணியத்தில்தான்.

தோட்ட நிர்வாகம் அந்தக் காட்டை ஒரு மர வியாபாரிக்கு விற்றது. வெட்டப் போட்டது லயத்து ஆட்களையே. முனியின் உத்தரவில்லாமல் தொடமாட்டோம் என்று அவர்கள் நின்றுவிட்டார்கள். சோலைமலையே தோட்டத்துத் துரையிடம் போய், பூப்போட்டுக் கேட்போம், வெள்ளை வந்தால் வெட்டுங்கள், சிவப்பு வந்தால் ஒரு கிளையையும் தொடக் கூடாது என்றார். துரையும் சரியென்றார். தன் காட்டை முனியே விட்டுக்கொடுக்குமா என்கிற தைரியம் சோலைமலைக்கு.

பூவை இலையில் மடிக்கும்போது மனைவி அம்மாக்கண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டுலயும் செவப்பையே வச்சிருங்க."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாமியிடமே பித்தலாட்டமா என்று சீறி, அவளை எழுந்து போகச் சொன்னார்.

இரண்டு பொட்டலங்களையும் குலுக்கிக் கல்லின் முன் போட்டார். கொழுந்து பறிக்கும் பிரியந்தி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை. ஐயோ, அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. உத்தரவு கிடைத்துவிட்டது என்று சொல்ல வேண்டியவரும் அவரே. சொன்னார்.

இப்போது அங்கே வெறும் அடிக்கட்டைகள்தான். பீலி சொட்டுச் சொட்டாக வடிகிறது. விறகுக்குப் பக்கத்துத் தோட்டம் வரை நடக்க வேண்டும். முனியின் கல்லைத் தூக்கிவந்து லயத்துக் கோடியில், ஒரு தகரத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை அவர் சூடம் ஏற்றப் போனபோது, பீலியிலிருந்து காலிக் குடத்தோடு திரும்பிய அம்மாக்கண்ணு அங்கே நின்றாள். நான் என்ன செய்ய, சாமி சொன்னதைத்தானே சொன்னேன் என்று அவராகவே ஆரம்பித்தார்.

"சாமி என்னத்தங்க சொல்லும்? அதுக்கு வாயே நீங்கதானே. உங்கள நம்பித்தானே அங்க ஒக்காந்திருந்துச்சு."

சோலைமலை சூடத்தைக் கல்லின் முன் வைத்தார். தீக்குச்சியைக் கிழிக்கக் கை எழவில்லை.