வறுக்காத பயறு

மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்குக் கொடி தைத்துத் தைத்து என் முதுகு விட்டுப்போயிருந்த வாரம் அது. காஜா பேராங் தெருவில் என் தையல் வீட்டுக்கு ரப்பர் தோட்டத்து ஆயா ஒருவர் வந்தார். பால்மரம் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் பார்த்துக்கொள்பவர். முந்தானையை நெஞ்சோடு பிடித்த கை இறங்கவே இல்லை.

கதவைச் சாத்திவிட்டு, கிழிந்த துணிப்பை ஒன்றை மேசையில் வைத்தார். கட்டி வந்து ஒரு மார்பை ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்த பிறகு, ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள அவரே தைத்தது. உள்ளே பச்சைப்பயறு. மழையில் நனைந்து, வீங்கி, முளைவிட்டுத் தையலைப் பிய்த்திருந்தது.

"சிங்கப்பூர்ல தோலுக்குள்ளேயே ஏதோ பஞ்சு வெச்சுத் தைக்கிறாங்களாம், டாக்டர் சொன்னாரு. இன்னொரு கத்தி என்னால முடியாதும்மா."

"இலவம்பஞ்சு வைக்கவா, அக்கா?"

"லேசு. நடந்தா மேல ஏறிக்கும்."

"மணல்?"

"பிள்ளைங்க தலை சாய்க்குதுங்க. கல்லாட்டம் இருக்கும்."

"அப்போ பயறையே வறுத்துப் போடுறேன். இனி முளைக்காது."

சட்டியை அடுப்பில் வைத்தேன். அவர் ஒரு முளையை எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"வறுக்காத. பச்சையாவே போடு."

"மறுபடி கிழியுமே, அக்கா."

"கிழியட்டும். அந்தப் பக்கம் ஏதாவது ஒண்ணு உசிரோட இருக்கட்டும்."

சட்டியை இறக்கினேன். அதன் பிறகு இரண்டு மழைக்கு, கிழிந்த பையோடு வந்தார். மூன்றாவது மழைக்கு நானே பயறு வாங்கி வைத்திருந்தேன். அவர் வரவில்லை.