வடக்குச் சுவரின் பதினோராவது பலகை

ஆலயத்தின் நூற்றாண்டு மலருக்கு டார்கஸ் ஹேவொர்த்தைப் பற்றி ஐந்து வரி வேண்டுமாம். "சபைக்கு உண்மையாய் உழைத்தவர், நாற்பது ஆண்டு விருந்துக்கு அடுப்பு மூட்டியவர், பாடகர் தலைவர் ஜெத்ரோவின் அன்பு மனைவி" என்று செயலாளர் கிளிஃபர்ட் பில்லிங் தானே எழுதிக் கொண்டுவந்து, கூட இருந்தவள் என்ற முறையில் அடியில் நான் ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும் என்றார். எனக்கு எழுத்துத்தான் தெரியாது. பொய்யை அடையாளம் தெரியும். குறி போடவில்லை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதட்டும். அச்சில் போட்டால் முழுதாகப் போடுங்கள். இல்லையென்றால் அவள் பெயரை விட்டுவிடுங்கள். அவள் பெயரை விடச் சொல்வது புதிதல்ல. அதற்காகத்தான் அவள் சண்டையே போட்டாள்.

டார்கஸ் எனக்குப் பக்கத்துத் தறிக்காரி. பன்னிரண்டு வயதில் இருவரும் ஒரே நாளில் ஆல்டர்க்ளஃப் ஆலைக்குள் போனோம். ஒருத்திக்கு நாலு தறி. அந்தச் சத்தத்தில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் நெசவுக்காரிகள் குரலே இல்லாமல், வாயை அகலத் திறந்து உதட்டால் பேசிக்கொள்வோம். முப்பதடிக்கு அந்தப் பக்கம் நிற்பவளிடம் பிள்ளைப்பேறு முதல் மாமியார் குற்றம் வரை சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீண்டால் ஆலயத்திலும் அதே பேச்சுதான்.

எங்களுக்குப் போதனை தந்த ஞானியின் பெயரை வைத்து எங்களை ஊரார் ஸ்வீடன்போர்க்காரர்கள் என்பார்கள். நாங்கள் எங்களைப் புதிய எருசலேம் சபை என்போம். எங்கள் தாத்தாக்கள் ஆலை வேலை முடிந்து குவாரியிலிருந்து கல்லை முதுகில் சுமந்து கட்டிய ஆலயம் இது. செத்தவர் குழிக்குள் தூங்கிக் கிடப்பதில்லை, மூன்றாம் நாள் மறு உலகத்தில் கண் விழிக்கிறார், அங்கும் வீடு வைத்து வேலை செய்கிறார் என்று நம்புகிறவர்கள் நாங்கள். அடக்கத்துக்குக் கறுப்பு உடுத்த மாட்டோம். மனம் ஒத்த புருஷனும் பெண்டாட்டியும் அங்கே மறுபடி சேருவார்கள். அதனால் எங்கள் வடக்குச் சுவரில் சலவைக்கல் பலகை பதிக்கும்போது, ஒருவர் போனாலும் இருவர் பெயரையும் வெட்டிவிடுவோம். இருப்பவருக்குத் தேதியை மட்டும் காலியாக விடுவோம்.

"உங்க ஆளுங்க செத்தும் பொண்டாட்டிய விடமாட்டாங்களாமே" என்று வேறு சபையான மெதடிஸ்டுக்காரிகள் ஆலை வாசலில் கேலி செய்வார்கள்.

"உங்களுக்கு ஒரு தடவையே போதும் போதும்னு ஆயிடுச்சு போல" என்று நாங்களும் திருப்பிக் கொடுப்போம்.

டார்கஸ் மட்டும் அந்தக் கேலிக்குச் சிரித்ததில்லை.

ஜெத்ரோ ஹேவொர்த் பாடகர் குழுத் தலைவர். அடித்தொண்டையிலிருந்து அவன் ஒரு சுரம் எடுத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். மூன்று மைல் தள்ளியிருந்தெல்லாம் கேட்க வருவார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பான். கிழவிகளுக்குக் கை கொடுத்துப் படி ஏற்றுவான். வீட்டுக்குள் அவன் வேறு ஆள். டார்கஸுக்கு நல்ல குரல் இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம் அவளைக் குழுவிலிருந்து நிறுத்தினான். அடுப்பறைதான் அவளுக்கு ஏற்ற இடம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தான். எல்லாரும் கூடவே சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தாம் வருஷம், ஒரு சனிக்கிழமை, அவன் வீட்டில் பியானோ முன் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் தப்பாகப் பாடினான். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த டார்கஸ், "இதுதாங்க" என்று சரியான கட்டையைத் தொட்டுக் காட்டினாள். அவன் மூடியை இறக்கினான். வலது கையில் நடு விரலும் மோதிர விரலும் ஒடிந்தன.

திங்கட்கிழமை தறிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மூடினான்டி" என்று உதட்டால் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். சாயங்காலம் எலும்பு கட்டுகிறவரிடம் போனபோது தறியில் அடிபட்டது என்றாள். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லி அனுப்பியிருந்தான்.

எனக்கு ஆத்திரம் எங்கே வருகிறது என்றால் இங்கேதான். எங்கள் ஊரில் தறி எப்படிக் கடிக்கும் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஊடுநூல் ஓட்டும் நாடா பறந்தால் முகத்தில் அடிக்கும், கண் போகும். பல்சக்கரம் பிடித்தால் விரல் நுனி போகும். வார்ப்பட்டை பிடித்தால் முடியோடு தோலும் போகும். இரண்டு விரலை ஒரே நேர்கோட்டில் ஒடிக்கிற தறியை இன்னும் யாரும் செய்யவில்லை. ஆலயத்தில் உட்கார்ந்திருந்த இருநூறு பேரில் நூற்றெண்பது பேர் ஆலைக்காரர்கள். அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். "ஐயோ பாவம், தறி பொல்லாதது" என்றார்கள். தறி மேஸ்திரி எனோக் பில்லிங், இந்தக் கிளிஃபர்டின் தாத்தா, அன்றைக்குச் சபைக்குச் செயலாளர். தறியைக் கழற்றிப் பூட்டியே காலம் கழித்த மனுஷன். அவரும் குனிந்து பார்த்தார், "ஜாக்கிரதையா இரும்மா" என்றார், போய்விட்டார்.

ஒரே ஒரு தடவை டார்கஸ் மேஸ்திரியின் மனைவியிடம் உண்மையைச் சொல்லி அழுதாள். "பொறுத்துக்கோடி. இங்க கொஞ்ச நாள்தானே. அங்க போனா அவரு தேவதூதனாட்டம் ஆயிடுவாரு" என்றாளாம் அந்த அம்மாள். அந்தக் கொஞ்ச நாள் இருபத்தாறு வருஷம் நீண்டது.

அந்தக் கோணல் விரல்களோடுதான் அவள் வருஷா வருஷம் ஆலய விழாவுக்கு இருநூறு பேருக்குச் சமைத்தாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு, மேலே மாவு மூடிச் சுடுகிற கிழங்கு அப்பம். தொட்டுக்கொள்ள ஊறவைத்த சிவப்பு முட்டைக்கோஸ். சாப்பிட்டவர்கள் அவளைப் புகழ்ந்தார்கள். புகழ்வதற்கு என்ன செலவு?

முப்பத்தொன்றாம் வருஷம் மாசி மாதத்தில் ஜெத்ரோ மார்ச்சளி கண்டு செத்தான். வெள்ளைப் பூ, பாட்டு, பெரிய கூட்டம். டார்கஸ் அழவில்லை. திடமான விசுவாசம் என்று ஊர் மெச்சியது. ஆறு வாரம் கழித்து, ஞாயிறு ஆராதனையில், பாடகர் குழு செய்து வைத்த பலகையைத் திறந்தார்கள். வடக்குச் சுவரில் பதினோராவது. எனோக் பில்லிங் துணியை இழுத்தார். எனக்கு வெறும் கோடுகள்தான் தெரிந்தன. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. திரும்பி டார்கஸைப் பார்த்தேன். அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நடைவழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் உதடு அசைந்தது.

"என் பேரு. அவனுக்குக் கீழ. என்றென்றைக்கும்னு போட்டிருக்கான்."

வெட்டுவதற்கு முன்னால் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆலயத்துப் பின்னறையில் நிர்வாகக் குழு கூடியது. அவள் போனாள். துணைக்கு நானும் போனேன். ஏழு ஆண்கள், ஒரு மேஜை, தேநீர்க் கோப்பைகள். இளம் போதகர் மெல்லர் வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"மேஸ்திரி, அந்தப் பலகையில என் பேர எடுத்துடுங்க" என்றாள்.

எனோக் பில்லிங் சிரித்தார். "என்ன டார்கஸு, எழுத்து நல்லா இல்லயா? கொத்தன்கிட்ட சொல்லி ஆழமா வெட்டச் சொல்லட்டுமா?"

"வேணாம்ங்க. எடுத்துடுங்க."

"பாரும்மா, இது எழுபது வருச வழக்கம். துக்கத்துல பேசுற. போய்ப் படுத்துத் தூங்கு."

"துக்கமில்லீங்க. போதகரய்யா, நீங்க சொல்லுங்க. மனசு ஒத்துப்போகாத சோடி அங்க போனா என்ன ஆவும்?"

மெல்லர் தொண்டையைச் செருமினார். "கொஞ்ச காலத்துல பிரிஞ்சிடுவாங்கம்மா. அவங்கவங்களுக்குத் தகுந்த துணை கிடைக்கும். அதுதான் நம்ம போதனை."

"நாப்பது வருசமா பிரசங்கம் கேக்குறேன், எனக்கும் அதான் தெரியும். அங்க பிரிக்கிறாங்கன்னா இங்க ஏன்யா ஒட்டி வைக்கிறீங்க?"

"ஒத்துப்போகலன்னு யாரு சொன்னா?" பில்லிங்கின் குரல் தடித்தது. "ஜெத்ரோ மாதிரி மனுசன் இந்தச் சபையில உண்டா?"

டார்கஸ் வலது கையை மேஜைமேல் வைத்தாள். இரண்டு விரலும் பக்கவாட்டில் வளைந்து கிடந்தன. "மேஸ்திரி, எந்தத் தறி இப்படி ஒடிக்கும்?"

ஒருவரும் கையைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்தார்கள். பில்லிங் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "தறின்னு அன்னிக்கு நீதானம்மா சொன்ன? இப்ப வேற சொல்றியா? செத்தவனால பதில் சொல்ல முடியாதுன்னுதானே?"

நான் வாய் திறந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். பில்லிங் என் தறிக்கும் மேஸ்திரி. நான் சும்மா நின்றேன். ஐந்து கை உயர்ந்தது, பெயர் இருக்கட்டும் என்று. போதகரும் இன்னொருவரும் கை தூக்கவில்லை.

வெளியே வந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். "அடி செலினா, உன் உதடு தறிச் சத்தத்துலதான் வேலை செய்யுமா?" என்றாள். அதற்குப் பதில் அவள் என்னை அடித்திருக்கலாம்.

எங்கள் ஆலயத்தில் ஒரு முறை உண்டு. ஆராதனை தொடங்கும்போது பலிபீடத்தில் இருக்கும் வேதப் புத்தகத்தைப் போதகர் திறந்து வைப்பார். முடிவில் மூடுவார். அது திறந்திருக்கும் வரை கர்த்தர் அறையில் இருக்கிறார். அதன் முன்னால் நாங்கள் பொய் பேசமாட்டோம். சின்னப் பிள்ளைகூட, "புத்தகம் திறந்திருக்கு, உண்மையச் சொல்லு" என்றால் திருட்டை ஒத்துக்கொள்ளும்.

வைகாசியில் ஆலய விழா வந்தது. மற்ற ஊர்ச் சபையார் ரயிலில் வந்து இறங்கினார்கள். பெஞ்சுகள் நிறைந்து ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். கீழே அடுப்பறையில் அப்பம் வெந்துகொண்டிருந்தது. கடைசிப் பாட்டு முடிந்து, மெல்லர் புத்தகத்தை மூடத் திரும்பினார். பக்கக் கதவு திறந்தது. இடுப்பில் அடுப்பறைத் துணி, முழங்கை வரை மாவு, டார்கஸ் நடைவழியில் நடந்து வந்தாள்.

"மூடாதீங்கய்யா" என்றாள்.

மெல்லர் கையை எடுத்துவிட்டார். அந்தச் சின்ன வயசுக்காரருக்கு அதற்காகவே நான் சாகும் வரை நன்றி சொல்வேன்.

அவள் வெளியூர்க்காரர்களைப் பார்க்கவில்லை. முன் பெஞ்சில் இருந்த எனோக் பில்லிங்குக்கு நேரே நின்றாள். "இருபத்தாறு வருசத்துக்கு முந்தி தறின்னு சொன்னேன். அது பொய். கர்த்தர் மன்னிக்கட்டும். புத்தகம் திறந்திருக்கு, மேஸ்திரி. நீங்க சொல்லுங்க. எந்தத் தறி?"

கையை உயர்த்திக் காட்டினாள். மாவு உதிர்ந்தது.

அப்போதுதான் நான் எழுந்தேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. "அவ திங்கக்கெழமையே எங்கிட்ட சொன்னா. நான் மறைச்சேன்" என்றேன். பின் பெஞ்சில் ஒரு நெசவுக்காரி எழுந்தாள். "எனக்கும் தெரியும்." இன்னொருத்தி. அப்புறம் எண்ண முடியவில்லை. ஆண்கள் உட்கார்ந்தே இருந்தார்கள்.

பில்லிங் தொப்பியை மடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். கடைசியில், பாதிப் பேருக்குக் கேட்காத குரலில், "எந்தத் தறியும் இல்ல" என்றார்.

"உரக்கச் சொல்லுங்க. வெளியூர்க்காரங்க வந்திருக்காங்க."

"எந்தத் தறியும் அப்படி ஒடிக்காது!"

"சரிங்க" என்றாள் டார்கஸ். "அப்பம் வெந்திருக்கும்." திரும்பிக் கீழே போனாள். மெல்லர் புத்தகத்தை மூடினார்.

மறுநாள் கொத்தன் வந்து அவள் பெயரைச் செதுக்கி எடுத்தான். அந்த இடம் பள்ளமாய், சொரசொரவென்று நின்றது. பார்க்க நன்றாயில்லை, புதுக் கல் வைக்கலாம் என்று பில்லிங் சொல்லி அனுப்பினார். "நல்லா இருக்க வேணாம், தெரிஞ்சா போதும்" என்று டார்கஸ் பதில் சொல்லி அனுப்பினாள். அடுத்த வாரமே பாடகர் குழுவில் கடைசி வரிசையில் போய் நின்றாள். குரல் துருப்பிடித்திருந்தது. பதினொரு வருஷம் பாடினாள். சாகும்போது தனக்குப் பலகையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் அவள் கண் விழித்தபோது பக்கத்தில் யார் இருந்தார்களோ எனக்குத் தெரியாது. அவன் இல்லை என்பது தெரியும்.

இப்போது கேளுங்கள். நூற்றாண்டுக்காகச் சேதமான பலகைகளைப் பழையபடி புதுக்கப் போகிறார்களாம். பட்டியலில் பதினோராவது பலகையும் இருக்கிறது. இருவர் பெயரோடும். எனோக்கின் பேரன் கிளிஃபர்டிடம் ஏனய்யா என்று கேட்டேன்.

"மலருக்குப் படம் எடுக்கணும் பாட்டி. அந்தப் பள்ளம் அசிங்கமா இருக்கு. பழைய கதையெல்லாம் யாருக்கு ஞாபகம்?" என்றார்.

எனக்கு ஞாபகம். அசிங்கம்தான், அசிங்கமாகவே இருக்கட்டும். அதை மூடினால் இரண்டாம் தடவை அவள் கையில் மூடியை இறக்குகிறீர்கள். கிளிஃபர்ட், கொத்தனைக் கூப்பிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. நூற்றாண்டு ஆராதனையன்று நானும் வருவேன். எழுபத்தாறு வயதானாலும் எழுந்து நிற்க எனக்குக் கால் இருக்கிறது. புத்தகம் திறந்திருக்கும். உன் தாத்தா சொன்னதை நீ ஒரு தடவை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, அப்புறம் சுவரைத் தொடு.